படத்தில் இரைச்சல் இருக்கட்டும்

ஒரு மிருதங்க வித்வானின் மகன் சென்ற ஆண்டு எங்களைத் தேடி வந்தார். தந்தை காலமாகிப் பதினைந்து நாட்களே ஆகியிருந்தன. வீட்டில் திருமண ஆல்பங்கள் நான்கு இருக்கின்றன, ஆனால் தந்தை மேடையில் அமர்ந்து வாசிக்கும் படம் உருப்படியாக ஒன்றுகூட இல்லை என்றார். நாற்பது ஆண்டுகள் வாசித்தவர். பத்திரிகைகளிலும் மலர்களிலும் வெளியான படங்களில் அவர் இருக்கத்தான் செய்தார்: பாடகரின் தோளுக்கு அப்பால் ஒரு முழங்கையாக, படச்சட்டத்தின் ஓரத்தில் அரை மிருதங்கமாக. எங்கள் குழுவில் ஒருவர் நெடுங்காலமாகக் கச்சேரிகளில் காமிராவுடன் அலைபவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தேடினோம். 2006 டிசம்பரில் தியாகராய நகரில் ஒரு பிற்பகல் கச்சேரி. நுழைவுக் கட்டணம் இல்லாத கச்சேரி என்பதால் நாங்கள் போயிருந்தோம். வேறு காரணங்களும் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதுதான் உண்மை. அன்று எடுத்த முப்பது நாற்பது படங்களில் ஒன்றில் அந்த வித்வான் மட்டும் தனியாக இருந்தார். தனி ஆவர்த்தனத்தின் நடுவே, தலையை லேசாகச் சாய்த்து, வலக்கை விரல்கள் காற்றில் நிற்க. ஆறு மெகாபிக்சல் காமிரா, ஐ.எஸ்.ஓ. 1600. படம் முழுக்க மணல் தூவியது போலக் குருணை. இதைக் கொடுக்கலாமா என்று தயங்கித்தான் கொடுத்தோம்.

அவர் அதை ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னார். கடைக்காரர் நல்லெண்ணத்துடன், கேட்காமலேயே, மென்பொருள் கொண்டு அதைத் 'துப்புரவு' செய்து தந்துவிட்டார். மறுவாரம் மகன் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு மறுபடி வந்தார். "நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா அம்மா, இது அவர் இல்லேங்கறா" என்றார்.

இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்தோம். துப்புரவான படத்தில் முகம் பளபளவென்று இருந்தது. இரண்டு நாள் வெண்தாடியைக் காணோம். வலது ஆட்காட்டி விரலின் ஓரத்தில் நாற்பது ஆண்டு அடியில் உண்டான காய்ப்பைக் காணோம். இடந்தலையின் நடுவே அப்பியிருந்த ரவை, வாசிக்க வாசிக்க உலர்ந்து வெடிப்பு விட்டு, சொரசொரவென்று இருந்தது எங்கள் படத்தில் தெரியும். அங்கே இப்போது வழுவழுப்பான ஒரு வெள்ளை வட்டம் இருந்தது. மென்பொருள் ரவையையும் இரைச்சல் என்று எண்ணிவிட்டது.

இந்தக் கட்டுரையை எழுதவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கச்சேரிப் படங்களில் உள்ள இரைச்சலைப் போக்கும் வேலை எல்லை மீறிப் போய்விட்டது. இரைச்சலோடு சேர்ந்து கச்சேரியும் போய்க்கொண்டிருக்கிறது.

'நாய்ஸ்' என்ற சொல்லைத் தமிழில் இரைச்சல் என்று சொல்வது ஒலிக்குத்தான் பொருந்தும், படத்துக்குப் பொருந்தாது என்று ஒரு நண்பர் வாதிடுவார். படச்சுருள் காலத்தில் அதற்குக் குருணை என்ற பொருள்தரும் 'கிரெயின்' என்ற சொல் இருந்தது. அது வெள்ளி உப்பின் படிகங்களைக் குறித்தது, கண்ணால் காணக்கூடிய ஒன்று. டிஜிட்டல் வந்தபின் ஒலிப்பொறியாளர்களின் சொல் ஒளிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு இதில் மனக்குறை இல்லை. சங்கீதத்தைப் படம்பிடிப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமையுமா?

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதில் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் காமிரா இரைச்சலை உற்பத்தி செய்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படியன்று. மொட்டைமாடியில் வரிசையாக நூறு கிண்ணங்களை வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தால் எல்லாக் கிண்ணங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் இருக்கும். இரண்டு நிமிடத் தூறல் என்றால் ஒரு கிண்ணத்தில் நான்கு துளி, அடுத்ததில் ஒன்பது, அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை. ஒளியும் துளித்துளியாகத்தான் வருகிறது. ஒரு பிக்சலில் சராசரியாகப் பத்தாயிரம் ஒளித்துகள்கள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமான நூறு, அதாவது நூற்றுக்கு ஒன்று, கண்ணுக்குத் தெரியாது. நூறே துகள்கள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு பத்து, நூற்றுக்குப் பத்து. அது கண்ணைக் குத்தும். இருட்டில் எடுத்த படத்தின் இரைச்சலில் பெரும்பங்கு இந்தத் தூறலின் கணக்குதான். காமிராவின் மின்சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும், அவ்வளவே. ஐ.எஸ்.ஓ. எண் செய்வதெல்லாம் கிண்ணத்தில் இருப்பதை உரக்கப் படித்துச் சொல்வது மட்டும்தான்.

ஆகவே ஐ.எஸ்.ஓ.வுக்குப் பயந்து அதை 400-இல் நிறுத்தி, இருட்டாக எடுத்துவந்து, வீட்டில் கணினியில் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்கிறேன் என்பவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள். துளிகள் கூடிவிடப் போவதில்லை. பல காமிராக்களில் அது இன்னும் மோசமாகத்தான் முடியும். நாங்களும் இரண்டு மூன்று டிசம்பர்களை இப்படித்தான் வீணாக்கினோம்.

தியாகராய நகரில் இந்தக் கணக்கு என்னவாகிறது என்று பார்ப்போம். ஜி.என். செட்டி சாலையில் 1940-களில் எழுந்த வாணி மஹால், பழைய கிரிஃபித் சாலையில் (1992-இல் சாலை விபத்தில் மறைந்த மகாராஜபுரம் சந்தானத்தின் பெயரை இப்போது தாங்கி நிற்கிறது) ஸ்ரீ கிருஷ்ண கான சபா, பள்ளிக்கூட வளாகத்தில் பாரத் கலாச்சார் என்று நடந்தே போய்வரக்கூடிய தொலைவில் இத்தனை மேடைகள் உள்ள பேட்டை சென்னையில் மயிலாப்பூரை விட்டால் இதுதான். மேடை விளக்குகள் பாடகரின் முகத்தைப் பார்த்தே பொதுவாக அமைக்கப்படுகின்றன. பாடகருக்கு எஃப் 2.8, நொடியில் 125-இல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 1600 என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் ஓரளவு சரியாக வரும். பாடகரின் கை அசைந்தாலும் முகம் நிற்கும். ஆனால் மிருதங்கக்காரரின் விரல்கள் நிற்க வேண்டுமானால் 500-இல் ஒரு பங்காவது வேண்டும். அதற்கு நான்கில் ஒரு பங்கு ஒளியே கிடைக்கும், ஐ.எஸ்.ஓ. 6400-க்குப் போகவேண்டும். போதாக்குறைக்கு அவர் பக்கவாட்டில், விளக்கின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கடம் வாசிப்பவர் இன்னும் பின்னால், ஏறக்குறைய நிழலிலேயே.

பக்கவாத்தியக்காரர்கள் படங்களில் இல்லாமல் போனதற்கு அலட்சியம் மட்டும் காரணமன்று, இந்தப் பௌதிகமும் ஒரு காரணம் என்று சொல்லவே இவ்வளவும். வேகமான விரல், குறைந்த ஒளி. 1954-இல் 35 மி.மீ. சுருளாக வந்த டிரை-எக்ஸை 400-க்குப் பதில் 1600 என்று தள்ளிக் கழுவினாலும் அந்த விரல்கள் புகையாகத்தான் பதிந்தன. 1988-இல் கோடாக் கொண்டுவந்த 3200 சுருள் நம் ஊரில் எளிதில் அகப்படாத சரக்கு. 2007-இல் நைகான் டி3 வந்தபோது (ஐ.எஸ்.ஓ. 6400 வரை இயல்பாக, வலிந்து இழுத்தால் 25600 வரை) நிலைமை மாறிற்று. கச்சேரியில் மிருதங்கக்காரரைக் குறிவைத்து எடுக்கலாம் என்ற நிலை வந்து இருபது ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. அந்த இருபது ஆண்டுப் படங்களைத்தான் இப்போது வழித்துத் துடைக்கிறோம்.

ஃபிளாஷ் போடலாமே என்பவர்களோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு டிசம்பர் மாலை. பாடகர் தோடியில் நுழைந்து நெடுநேரம் காந்தாரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். முதல் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, மேடைக்கு மூன்றடி தூரத்தில் நின்று, பளீரென்று ஒன்று அடித்தார். பாடகர் கண்ணைச் சிமிட்டினார். அவ்வளவுதான்; அந்தக் காந்தாரம் அன்று திரும்பி வரவேயில்லை. ஃபிளாஷ் போட்ட படத்தில் இரைச்சல் இராது என்பது உண்மைதான். சபை முழுவதும் ஒரு பேங்க் திறப்புவிழா போலவும் இருக்கும்.

இரைச்சலைப் போக்குவதற்கு வருவோம். சங்கீத ரசிகர்களுக்கு இது புதிய விஷயமன்று. ஒலிநாடாவில் ஒருமுறை பட்டிருக்கிறோம். அறுபதுகளின் கச்சேரிகள் சபா மாடங்களிலும் வீட்டுக் கூடங்களிலும் ஸ்பூல் நாடாக்களில் பதிவாயின. ஜி.என்.பி. (1910–1965), அரியக்குடி (1890–1967), மதுரை மணி ஐயர் (மறைவு 1968) ஆகியோரின் சங்கீதம் பிந்தைய தலைமுறைக்கு வந்து சேர்ந்ததில் பெரும்பங்கு அப்படித்தான். எல்லாவற்றிலும் 'உஸ்ஸ்' என்ற ஓர் ஓசை. கணினி வந்ததும் அன்பர்கள் பலர் அதை நீக்கக் கிளம்பினார்கள். அந்த மென்பொருள் என்ன கேட்கும்? "பாட்டு இல்லாத, வெறும் இரைச்சல் மட்டும் உள்ள சில நொடிகளைக் காட்டு" என்று கேட்கும். அதைக் கற்றுக்கொண்டு பதிவு முழுவதிலிருந்தும் அதைக் கழிக்கும். ஆனால் கர்நாடகக் கச்சேரியில் வெறும் இரைச்சல் மட்டும் உள்ள நொடி ஏது? பாடகர் வாயை மூடியிருக்கும்போதும் தம்பூரா மீட்டிக்கொண்டிருக்கிறது. மாறாமல், விடாமல் ஒலிப்பதெல்லாம் அந்த இயந்திரத்துக்கு இரைச்சல். தம்பூராவைவிட மாறாமல் ஒலிப்பது எது? இப்படித் துப்புரவான ஒரு பழைய கச்சேரியை நாங்கள் கேட்டிருக்கிறோம். தம்பூரா இல்லை. வயலின் வில்லின் அரவம் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பாடுவது போல இருந்தது. உஸ்ஸென்ற ஓசை நன்றாகவே நின்றிருந்தது, அதில் குறையில்லை.

(பாலக்காடு மணி ஐயர் ஒலிபெருக்கியே வேண்டாம் என்று வற்புறுத்தியவர். அந்தக் காதுக்கு இந்தத் துப்புரவு எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.)

படத்தில் நடப்பதும் இதேதான். எது இரைச்சல், எது விவரம் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. நுண்மையாக, ஒழுங்கற்று, புள்ளி புள்ளியாக இருப்பதை அது சந்தேகிக்கும். கச்சேரி மேடையில் அப்படி என்னவெல்லாம் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். வயலினின் மேல்பலகையில் படிந்த குங்கிலியப் பொடி. மானாமதுரைக் கடத்தின் சொரசொரப்பான மண்ணுடல். வலந்தலைக் கரணையின் கருமைக்குள் ஓடும் மயிரிழை வெடிப்புகள். கஞ்சிராவின் தோலில் தெளித்த நீர். நெற்றியில் வியர்வையில் கரைந்துகொண்டிருக்கும் விபூதி. எங்கள் சங்கீதமே மேடு பள்ளமான பரப்புகளின் மேல்தான் நடக்கிறது.

டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். மிருதங்கம் செய்பவர்களைப் பற்றியது. தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, கரணை வைக்கும் குடும்பங்கள், பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். அவர்கள் மேடையேறுவதில்லை. மேடையில் அவர்களுடையது என்று சொல்ல இருப்பது அந்தத் தோலின் பரப்பும் அந்தக் கரணையின் பரப்பும் மட்டும்தான். அதையும் படத்தில் வழித்துவிட்டால்? நூலைப் படித்தபின் எந்தக் கச்சேரிப் படத்தைக் கண்டாலும் எங்கள் கண் முதலில் வலந்தலைக்குப் போகிறது. பல படங்களில் அங்கே ஒரு கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியதுபோல இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது சிலருக்குக் கசக்கலாம். இரைச்சல் இருட்டில்தான் குடியிருக்கிறது. கறுத்த மேனி பிரதிபலிக்கும் ஒளி குறைவு. ஆகவே அங்கே துளிகளும் குறைவு, இரைச்சல் அதிகம். இதைப் 'பிரச்சினை' என்று கருதும் எவருடைய கையும் இரண்டு பொத்தான்களை நோக்கிப் போகும். ஒன்று வழவழப்பு, மற்றொன்று வெளுப்பு. இப்படித்தான் மலர்களில் நாகஸ்வரக்காரர்களும் தவில்காரர்களும் ஒரு மாதிரி கோதுமை நிறமாக வெளிவருகிறார்கள். வண்ணச் சுருள் காலத்தில் அமெரிக்க ஆய்வகங்கள் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த மாதிரிப் படங்களில் பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களே இருந்தார்கள்; 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். நம் ஊர் மலர்க்குழுவினரின் மனத்தில் உள்ள அட்டையைத் தூக்கிப் போட யாரும் இல்லை.

இந்த இடத்தில் ராய் டிகராவாவை நினைக்காமல் இருக்க முடியாது. நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பினக் கலைஞர், 2009-இல் மறைந்தார். ஜாஸ் இசைக்கலைஞர்களை அங்கிருக்கும் வெளிச்சத்தில் மட்டுமே எடுத்தார், ஃபிளாஷ் கிடையாது. 1960-களின் தொடக்கத்தில் அவர் தொகுத்து வைத்த இசைப் படங்களின் நூல் நாற்பது ஆண்டுகள் காத்திருந்து 2001-இல்தான் அச்சேறிற்று. ஜான் கோல்ட்ரேன் சாக்ஸஃபோனோடு நிற்கும் படங்கள் அதில் உள்ளன. முகத்தின் பாதி இருட்டுக்குள் போய்விட்டிருக்கும். அந்த இருட்டு கறுப்பல்ல. அதற்குள் பத்துப் பன்னிரண்டு படிகள் உண்டு, கண் பழகப் பழகத் தெரியும். குருணை தாராளமாக உண்டு. அதை யாரேனும் 'சரிசெய்து' வெளியிட்டால் உலகம் சிரிக்கும். அதே உலகம் நம் தவில் வித்வானை வெளுத்துப் போட்டால் "படம் நன்றாக வந்திருக்கிறது" என்கிறது.

மேடை மாறினால் இரைச்சலும் மாறும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. கானா, பறை, ராப், கிதார் எல்லாம் சேர்ந்த பெருங்குழு. சபாவில் பழகிய காமிராக்காரர்கள் இதுபோன்ற மேடைக்குப் போனால் முதல் பாட்டிலேயே திண்டாடுவார்கள். காரணம் வண்ண எல்.இ.டி. விளக்குகள். காமிராவின் உணர்பரப்பில் பாதி பிக்சல்கள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. மேடையில் கலப்பற்ற நீலம் மட்டும் எரிந்தால் உண்மையில் வேலை செய்வது கால்வாசிப் பிக்சல்கள்தான்; மிச்சமெல்லாம் வெறும் இரைச்சலைப் பதிந்துகொண்டிருக்கும். சிவப்பு எரிந்தால் சிவப்பு நிரம்பி வழிந்து முகம் ஒரு தக்காளியாகும். இதற்கு நாங்கள் கண்ட உபாயம் எளியது. சிவப்பு வழியாத அளவுக்குச் சற்று இருட்டாக, ரா கோப்பாக எடுத்து, வீட்டுக்கு வந்து சிவப்பு அலைவரிசையை மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது. இரைச்சல் நிறைந்த நீலமும் பச்சையும் விலகிவிடும். விளக்குக்காரர் நீலத்துக்கு மாறினால் காமிராவைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டைக் கேட்பது உத்தமம்.

இப்போது செய்யறிவு வந்துவிட்டது. அடோபியின் லைட்ரூமில் 2023 ஏப்ரலில் ஒரே பொத்தானாக அது சேர்ந்தது. அதற்கு முன்பே வேறு நிறுவனங்களும் விற்றுக்கொண்டிருந்தன. பழைய மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைக் கூட்டிச் சராசரி எடுத்து மழுப்பியது. அது முட்டாள்தனமானது, ஆனால் பொய் சொல்லாது. புதியது எண்ணற்ற படங்களைக் கண்டு பழகியது. இருட்டில் தெரியாத இடத்தில் என்ன இருந்திருக்கக்கூடும் என்று ஊகித்து வைக்கும். அந்த ஊகம் பெரும்பாலும் அழகாக இருக்கிறது என்பதுதான் சங்கடம். சில கருவிகள் முகத்தையே திருத்தி வரைந்துவிடுகின்றன; வயலின் தந்திக்கும் விரலுக்கும் இடையே இல்லாத ஒரு நகத்தை நாங்கள் கண்டிருக்கிறோம்.

மும்மூர்த்திகளைப் புகைப்படமாக யாரும் பார்த்ததில்லை. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். தியாகராஜர் மறைந்தது 1847-இல். திருவையாற்றுக்குக் காமிரா வரவில்லை. நம் மனத்தில் உள்ள மூவரும் எஸ். ராஜம் தூரிகையால் வரைந்த மூவர். ஆனால் அது ஓவியம் என்று நமக்குத் தெரியும், ராஜமும் அதை மறைத்ததில்லை. பிக்சல்களை ஊகித்து வரைந்த படமும் ஓர் ஓவியம்தான். அதன்மேல் புகைப்படம் என்ற முத்திரை இருப்பதுதான் எங்கள் புகார். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு மாணவன் 2006-இல் சாப்பு எப்படி விழுந்தது, சுண்டுவிரல் எங்கே இருந்தது என்று பார்க்க வருவான். இரைச்சல் உள்ள படம் அவனிடம் "இவ்வளவுதான் தெரிந்தது" என்று சொல்லும். துப்புரவான படம் தெரியாததையும் தெரிந்ததாகச் சாதிக்கும்.

எதிர்த்தரப்பை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். நாளிதழுக்கு எடுப்பவர் இரவு பத்து மணிக்குள் படம் அனுப்பவேண்டும்; தாளில் அச்சாகும்போது குருணை அழுக்காகிவிடும். பாடகி பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தில் அவர் முகம் மணலாக இருந்தால் அடுத்த முறை அழைக்கமாட்டார். அவர்கள் பிழைப்பை நாங்கள் குறைசொல்லவில்லை. வண்ண இரைச்சல் என்று ஒன்று உண்டு, வெள்ளை வேட்டியில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக வருவது. அதை நீக்குவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, நாங்களும் நீக்குகிறோம். அங்கே இழக்க ஒன்றுமில்லை. வெளிச்சக் குருணையைத்தான் விட்டுவிடச் சொல்கிறோம்.

நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்து மிரள்வதையும் விடவேண்டும். கச்சேரியை மிருதங்கத்தின் உள்ளே தலைவைத்தா கேட்கிறோம்? படத்தை நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி என்று சுருக்கினால் நான்கு பிக்சல் ஒன்றாகும், இரைச்சல் பாதியாகும்; எந்த மென்பொருளும் தேவையில்லை. வாட்ஸப்பில் அனுப்புமுன் இதைச் செய்வது நல்லது. அது சுருக்கினால் குருணையைப் பிடிக்கத் தெரியாமல் கட்டம் கட்டமாக்கிவிடும். கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அவர்கள் கேட்காமலேயே அது மழுப்பித்தான் தருகிறது.

எடுக்கும்போதே கவனிக்கவேண்டியதும் உண்டு. பனகல் பூங்காவைச் சுற்றி வாங்கிய பட்டின் ஜரிகையும் வைரமூக்குத்தியும் காமிராவின் தானியங்கி அளவியை மிரட்டும். அவற்றைக் காப்பாற்றுகிறேன் என்று அது முகத்தை இருட்டாக்கும், முகத்தில் இரைச்சல் ஏறும். மூக்குத்தி போனால் போகட்டும் என்று விட்டு முகத்துக்கு ஒளி கொடுப்பதே எங்கள் வழக்கம். பழைய காமிராவின் கண்ணாடி எழும்பி விழும் 'டப்' ஓசைக்காகத் தாளத்தின் அடியில் ஷட்டரை அழுத்தக் கற்றுக்கொண்டோம். மிச்ரசாபுவில் எங்கள் நண்பர் ஒருமுறை இடறிவிழ, வயலின்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இப்போதைய காமிராக்களில் ஓசையற்ற ஷட்டர் உண்டு, ஆனால் எல்.இ.டி. விளக்கின் துடிப்பு அதில் பட்டை பட்டையாக விழும். 100-இல் ஒரு பங்கு, 50-இல் ஒரு பங்கு என்று வைத்தால் நம் ஊர் மின்சாரத்துக்குப் பெரும்பாலும் சரியாகும். விரல் நிற்காது. அந்த வேளையில் விரலை விட்டுவிட்டு முகத்தை எடுங்கள். தனி ஆவர்த்தனத்தின் போது மிருதங்கக்காரரின் முகத்தைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? பாதிச் சபை காண்டீனுக்குப் போய்விடும் நேரம் அது. (காண்டீனில் வெளிச்சம் பிரமாதம். இரைச்சலே இல்லாமல் எங்களிடம் இருக்கும் டிசம்பர் படங்கள் எல்லாம் கீரை வடையைப் பற்றியவை.)

சபாக்காரர்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பக்கவாத்தியக்காரர்கள் இருக்கும் பக்கம் இரண்டு விளக்குகள், மஞ்சளாகவே இருக்கட்டும். படமெடுப்பவர்கள் நடந்து திரியாமல் உட்கார, பக்கவாட்டுச் சுவரோரம் இரண்டு நாற்காலிகள். மலர் போடும்போது படத்தில் உள்ள எல்லாருடைய பெயரும், கடம் வாசித்தவர், தம்பூரா போட்ட பெண் உட்பட. ஆண்டுக்கு ஒருமுறை, மென்பொருள் தொடாத மூலக் கோப்புகளை ஒரு வட்டில் இட்டுப் பூட்டிவைத்தல். இதற்கெல்லாம் ஆகும் செலவு, மேடையின் பின்னால் கட்டும் அந்த ராட்சத விளம்பர ஃபிளெக்ஸை ஒரு மாலைக்குக் கழற்றிவைத்தாலே மிச்சமாகும். அதைக் கழற்றினால் பின்னணி இருட்டாகிப் படமும் நன்றாக வரும் என்பது வேறு.

எங்களிடம் 2004 முதல் சேர்ந்த கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் யார் யார் என்று எழுதி வைக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். பிற்பகல் கச்சேரிகளில் வாசித்தவர்களின் பெயர்கள் எங்களுக்கே மறந்துபோயிருப்பது தெரிகிறது. பழைய நிகழ்ச்சி நிரல் தாள்கள் வைத்திருக்கும் நண்பர்கள், குறிப்பாக 2004 முதல் 2009 வரையிலான தியாகராய நகர் சபாக்களுடையவை, எழுதினால் வந்து பார்த்துக்கொள்கிறோம்.

அந்த மகனுக்கு மூலப் படத்தையே பதினாறுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில், மங்கல் தாளில், குருணையோடு அச்சிட்டுக் கொடுத்தோம். கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். போன மாதம் போயிருந்தபோது அந்த அம்மா எங்களை அருகில் கூப்பிட்டு, இடந்தலையில் ரவையைக் காட்டி, "அன்னிக்கு ரவை ஜாஸ்தியாப் போச்சுன்னு வீட்டுக்கு வந்து சொல்லிண்டே இருந்தார்" என்றார்.